அரக்கு நிறம் எங்கே?

சிராங்கூன் சாலையில் அரக்குப் பட்டுப்புடவை ஒன்று வாங்குகிறீர்கள். அதற்கு ஏற்ற ரவிக்கைத் துணி வேண்டும். தேக்கா மேல்மாடித் தையற்காரருக்கு அந்த நிறத்தைக் கைப்பேசியில் குறித்து அனுப்ப நினைக்கிறீர்கள். செயலியைத் திறந்தால் வட்டமாக ஒரு நிற வளையம் தோன்றுகிறது. சிவப்பு உண்டு, கிளிப்பச்சை உண்டு. அரக்கு மட்டும் இல்லை! அது எங்கே போயிற்று?

கைப்பேசித் திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிகள் உள்ளன. ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரை கூட்டலாம். சிவப்பை முழுதும் ஏற்றி, நீலத்தை அணைத்து, பச்சையை மெல்ல உயர்த்துங்கள். ஆரஞ்சைக் கடந்து மஞ்சள் வரும். இனிச் சிவப்பைக் குறைத்தால் பச்சை. அடுத்து நீலத்தை ஏற்றி, பச்சையை இறக்கி, சிவப்பை ஏற்றி, நீலத்தை இறக்கினால் புறப்பட்ட சிவப்புக்கே வந்து சேருகிறோம். ஆறு நடை, நடைக்கு 255 படி. ஆக 1,530 நிறங்கள். வளையம் என்பது இவ்வளவுதான்.

ஆனால் இவை யாவும் பளிச்சென்ற நிறங்கள். கெர்பாவ் சாலையில் 1900-இல் கட்டிய டான் டெங் நியா வீட்டைப் பாருங்கள். (கெர்பாவ் என்றால் மலாயில் எருமை, இன்று அங்கே எருமை கிடையாது, வண்ணந்தான்.) வெயில் படும் இடத்தில் ஒளிரும் அதே சாயம், கூரை நிழலில் ஆழ்ந்து தெரிகிறது. நிறம் மாறவில்லை, ஒளிதான் குறைந்தது. திரையிலும் அப்படியே. சிவப்பு 255-ஐ 128 ஆக்குங்கள், அரக்கு வந்துவிடும். ஆரஞ்சின் மூன்று எண்களையும் பாதியாக்கினால் காப்பி நிறம். மாறாக, தாழ்ந்த ஒளிகளை உயர்த்தினால் வெண்மை கலந்து ரோசா நிறம்.

ஆகவே முழுப் பலகைக்கு மூன்று அளவுகள் வேண்டும்: எந்த நிறம், எவ்வளவு செறிவு, எவ்வளவு ஒளி. ஆல்வி ரே ஸ்மித் 1978-இல் வெளியிட்ட முறை இது. இன்றும் பல செயலிகள் இதையே கையாள்கின்றன. மூன்று ஒளிகளும் கூடித் தரும் நிறங்கள் 1,67,77,216.

எண்ணிக்கை பெரிதுதான். எனினும் கண் எண்களைப் போல் சமமாக அளப்பதில்லை. வளையத்தில் பச்சை அகன்று கிடக்கும்; மஞ்சளோ சிறு கீற்று. சரிகையின் மினுக்கமும் எந்த எண்ணிலும் அடங்காது, ஏனெனில் அது பார்க்கும் கோணத்தோடு மாறுவது. தையற்காரரிடம் போகும்போது புடவையையும் கையோடு கொண்டு போங்கள்.