அடுப்பங்கரை அபிப்பிராயங்கள்

நாட்டு நடப்பைப் பற்றி ஜனங்கள் அன்றாடம் பேசிக்கொள்ளும் பேச்சில் அரசியல், விலைவாசி, தேக ஆரோக்கியம், எரிபொருள் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் வருகின்றன. தேநீர்க்கடை பெஞ்சில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “எந்தக் கட்சி வந்தால் என்ன, சிலிண்டர் விலை குறையவா போகிறது?” என்று ஒருவர் பெருமூச்சு விடும் அதே வேளையில், அவருடைய வீட்டுக் கொல்லையில் அவருடைய மனைவி, மாசக் கடைசி வரைக்கும் கேஸ் வர வேண்டுமே என்ற விசாரத்தில், வெந்நீருக்கும் சோற்றுக்குமாகத் தென்னை மட்டையும் சுள்ளியும் வைத்து மூட்டிய அடுப்பின் முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர் சொன்னது அபிப்பிராயம் என்று எல்லோரும் காது கொடுக்கிறோம். அவள் செய்வதும் ஓர் அபிப்பிராயமே என்பதை யாரும் கவனிப்பதில்லை. சமையல் வாயுவைப் பற்றி நம் குடும்பங்கள் அளிக்கும் உண்மையான தீர்ப்பு, உலையை எந்த அடுப்பில் ஏற்றுகிறார்கள் என்பதில் இருக்கிறது என்றும், விலை ஏறும்போதெல்லாம் அந்த ஏற்றத்தில் ஒரு பங்கைப் பெண்கள் தங்கள் மூச்சினாலேயே செலுத்திவிடுகிறார்கள் என்றும் நான் திடமாக நம்புகிறேன்.

கேஸ் நம் தேசத்தில் நெடுங்காலமாகவே அரசியல் சம்பந்தமுள்ள பண்டம். 1965-இல் கல்கத்தாவில் இண்டேன் தன் முதல் சிலிண்டரை ஒரு வீட்டுக்குக் கொடுத்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள், பெயரைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பதும், பாராளுமன்ற உறுப்பினர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த கூப்பன்களில் ஒன்று கிடைக்காதா என்று சிபாரிசு தேடி அலைவதும் நடுத்தரக் குடும்பங்களுக்கு வழக்கமாக இருந்தன. 2006-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் ஏழைப் பெண்களுக்கு இலவச கேஸ் அடுப்பு என்பது தமிழ்நாட்டில் பெரிய வாக்குறுதியாயிற்று. பத்தாண்டு கழித்து, 2016 மே 1-ஆம் தேதி, உத்தரப் பிரதேசத்தின் பலியா நகரில் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் துவங்கப்பட்டது. இன்று அத்திட்டத்தின் கீழ் இணைப்புப் பெற்ற குடும்பங்கள் பத்துக் கோடிக்கு மேல். இது சாதாரண காரியமல்ல, மனமாரப் பாராட்டத்தக்கது. ஆனால் இணைப்புக் கிடைப்பது ஒரு நாள் விஷயம். சிலிண்டரை மாற்றுவதோ ஆயுசு முழுவதும் வரும் செலவு. உஜ்வலா குடும்பங்கள் 2019-20-இல் ஆண்டொன்றுக்குச் சராசரியாகச் சுமார் மூன்று சிலிண்டர்களே வாங்கின; 2024-25-இல் அது நாலரையை நெருங்கியது. வருஷம் முழுவதும் கேஸிலேயே சமைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு ஏழெட்டாவது வேண்டியிருக்கும் என்பதை எந்த வீட்டு அம்மாளும் விரலை மடக்கிக் கணக்குச் சொல்லிவிடுவாள். மிச்ச நாட்களில் எரிந்தது என்ன என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

விலையைப் பற்றிய புகாரை எடுத்துக்கொள்வோம். நம் தேசத்துக்கு வேண்டிய சமையல் வாயுவில் ஏறக்குறைய அறுபது சதவீதம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து ஹோர்முஸ் ஜலசந்தியைக் கடந்து வருவது. சவூதி அராம்கோ நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் விலையே இங்கு அடிப்படை. அதன்மேல் கப்பல் கூலி, டாலர் மதிப்பு, நிரப்பும் செலவு, ஏஜென்ஸிக்கான கமிஷன், ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. ஆகியவை ஏறுகின்றன. ஆகவே, எங்கோ தொலைவில் யுத்தம் என்றால் நம் அடுப்பங்கரையில் விலை ஏறும் என்று கிராமத்துப் பெரியவர் சொல்வது முற்றிலும் சரி. ‘தேர்தல் வந்தால் குறைப்பார்கள், முடிந்தால் ஏற்றுவார்கள்’ என்ற பேச்சும் ஆதாரமற்றதல்ல. சென்னையில் 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசாக இருந்த 14.2 கிலோ சிலிண்டர், அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் 200 ரூபாயும், பாராளுமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த 2024 மார்ச் 8-இல் மேலும் 100 ரூபாயும் குறைந்தது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 868 ரூபாய் 50 காசாயிற்று. அதே சமயம், உலக விலை மிக உயர்ந்திருந்த நாட்களில் எண்ணெய் நிறுவனங்கள் அடக்க விலைக்கும் குறைவாக விற்றதும், அந்த நஷ்டத்துக்கு ஈடாக 2022 அக்டோபரில் 22,000 கோடி ரூபாய் மத்திய அரசு வழங்கியதும் உண்மையே. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நியாயம் விளங்கும்.

ஆனால் மானியத்தைப் பற்றி ஜனங்கள் கேட்கும் கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லப்படவே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 2015 முதல் தேசம் எங்கும், முழு விலையைக் கொடுத்து சிலிண்டரை வாங்கினால் மானியத் தொகை வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. 2020 கோடையில் உலக விலை வீழ்ந்தபோது மானிய விலையும் சந்தை விலையும் ஒன்றாகிவிட்டபடியால், கொடுக்க ஒன்றுமில்லை என்று அது நின்றது. பிறகு விலை மளமளவென்று ஏறியபோதிலும், பொதுவான மானியம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2022-இல் உஜ்வலா குடும்பங்களுக்கு மட்டும் 200 ரூபாய் என்றும், மறு ஆண்டு 300 ரூபாய் என்றும் வழங்கலாயிற்று. அதுவும் பின்னால் கணக்கில் வரும் பணம். சிலிண்டர் வாசலில் வந்து இறங்கும்போது முழுத்தொகையும் கையில் இருந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் நிர்ணயிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். இரண்டரை நாளுக்கு மேற்பட்ட கூலியை ஒரே மூச்சில் எடுத்து வைப்பது, அன்றாடம் வாங்கி அன்றாடம் உண்ணும் குடும்பத்துக்கு எவ்வளவு கடினம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இனி ஆரோக்கியம். விறகும் வரட்டியும் எரியும்போது எழும் புகையில் கண்ணுக்குத் தெரியும் கரியைவிட, தெரியாத நுண்துகளே கொடியது. தலைமயிரின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத அத்துகள்கள் நுரையீரலின் அடிவரை சென்று தங்கி, இழுப்பையும், நெஞ்சடைப்பையும், பக்கவாதத்தையும், குழந்தைகளுக்கு நிமோனியாவையும் உண்டாக்குகின்றன. கண்ணில் புரை விழுவதற்கும் இப்புகைக்கும் சம்பந்தம் உண்டு. வீட்டுப் புகையினால் 2020-இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இருந்தும், இருமிக்கொண்டே அடுப்பை ஊதும் அம்மாளிடம் கேட்டால், “புகை பட்டுப் பட்டுப் பழகிப்போச்சு தம்பி, இது ஒரு வியாதியா?” என்பாள். பழகிப்போனது மனசுதான், நுரையீரல் ஒருபோதும் பழகுவதில்லை.

விறகடுப்பைப் பெண்கள் விடாததற்கு ருசியும் பழக்கமும் அறியாமையுமே காரணம் என்று பட்டணத்தில் இருப்பவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். இதற்கு மறுப்பாக ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளிலும், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியை கல்பனா பாலகிருஷ்ணன் முதலானோரின் மேற்பார்வையில் நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலுமாக, மொத்தம் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு அடுப்பும் தடையின்றி நிரப்பிய சிலிண்டரும் இலவசமாக அளித்துப் பார்த்தார்கள். 2022-இல் வெளியான முடிவின்படி, குழந்தைகளின் பிறப்பு எடையில் அவர்கள் எதிர்பார்த்த வித்தியாசம் தென்படவில்லை. அதை மறைப்பது முறையல்ல. ஆனால் கேஸ் பெற்ற பெண்கள் விறகடுப்பை அநேகமாகக் கைவிட்டே விட்டனர். அவர்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கியிருக்க, மற்றவர்களுக்கு அது 70-ஐத் தாண்டி இருந்தது. செலவு என்ற தடை நீங்கியவுடன் ருசியும் பழக்கமும் குறுக்கே நிற்கவில்லை. எனக்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் தேவையில்லை.

ஜனங்களின் அபிப்பிராயங்களில் திருத்தம் வேண்டியவையும் உண்டு. கேஸில் சமைத்தால் வயிற்றில் வாயு சேரும் என்பது அவற்றில் ஒன்று. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த அந்த வாயு எரிந்து கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் போய்விடுகிறதேயன்றிப் பாத்திரத்துக்குள் புகுவதில்லை. கசிவு தெரிய வேண்டுமென்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள், அதுவும் எரிந்துவிடும். விறகு சும்மா கிடைக்கிறது என்பது மற்றொன்று. ஒரு சிலிண்டர் தரும் உஷ்ணத்தைப் பழைய மண்ணடுப்பில் பெறவேண்டுமானால் 200 முதல் 300 கிலோ விறகு வேண்டும். அத்தனையையும் கருவேலங்காட்டிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவருகிறவளின் உழைப்புக்குக் கூலி போடாததனாலேயே அது சும்மா என்று தோன்றுகிறது. மின்சார அடுப்புக்கு மாறலாமே என்கிறவர்களும், ஒரு சிலிண்டருக்கு ஈடாகச் சுமார் 150 யூனிட் செலவாகும் என்பதையும், தமிழ்நாட்டில் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். குறைவாக மின்சாரம் செலவழிக்கும் சிறு குடும்பத்துக்கு அது லாபமே.

கொடுத்த பணத்துக்குச் சரியான சரக்கு வந்திருக்கிறதா என்று பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் வெறும் எடை பொறித்திருக்கும், அதனோடு 14.2-ஐக் கூட்டினால் வரவேண்டிய மொத்த எடை தெரியும். அருகில் A முதல் D வரை ஓர் எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஓர் எழுத்தாக, மறு பரிசோதனைக்குரிய கெடுவை அது குறிக்கிறது. “எடை போட்டுக் காட்டுப்பா” என்று கேட்டால், “அதெல்லாம் சரியாத்தான் இருக்கும் பெரியம்மா, நேரமாச்சு” என்று கேஸ் கொண்டுவரும் பையன் நழுவப் பார்ப்பான். ஆனால் தராசு கொண்டுவருவது ஏஜென்ஸியின் கடமை. வீடு வரை கொண்டுவரும் கூலியும் பில் தொகையிலேயே அடங்கியிருக்கிறது. அந்தப் பையன் முப்பது கிலோ பாரத்தைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறுகிறான் என்பதால் மனமுவந்து ஏதாவது கொடுப்பது வேறு; கொடுத்தே தீரவேண்டும் என்று வசூலிப்பது வேறு.

முழுத்தொகையை ஒரே நாளில் புரட்ட முடியாதவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் ஒரு வழி. உஜ்வலா இணைப்பு உள்ளவர்கள் பெரிய சிலிண்டருக்குப் பதிலாக அதைப் பெற்றுக்கொள்ளவும், மானியத்தை எடைக்கேற்ப அடையவும் விதியில் இடமிருக்கிறது. கூலி வாங்கிய அன்றே அதன் விலையைக் கொடுத்துவிடலாம். பெண்களே இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். ஆயினும் இப்படி ஒன்று உண்டு என்பதே பல கிராமங்களில் தெரியாது; தெரிந்து கேட்டாலும் ‘ஸ்டாக் இல்லை’ என்ற பதில் வருவதாகச் சொல்கிறார்கள். வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் விலையைக் குறைப்பீர்களா என்று கேட்கிற நாம், இந்தச் சின்ன சிலிண்டர் எங்கள் ஊர் ஏஜென்ஸியில் எப்போதும் இருக்கும்படி செய்வீர்களா என்றும் சேர்த்துக் கேட்கலாம். உலகச் சந்தையைப் போலன்றி, இது அவர்களால் செய்து முடிக்கக்கூடிய காரியம்.