வெப்பக் காற்றும் வட்டி வீதமும்: மன்சனாரெஸ் சூரியக் கோபுரம் பற்றிய ஒரு நோக்கு

தொழில்நுட்ப வரலாறு என்ற பெயரில் எழுதப்படுவது பெரும்பாலும் வெற்றிபெற்ற பொறிகளின் வரலாறே. கைவிடப்பட்ட பொறிகளைப் பற்றி வினவினால், அவை இலாபந் தரத்தக்கனவாக இருக்கவில்லை என்ற விடை கிடைக்கும். அவ்விடையோடு விசாரணையும் முடிந்துவிடும். எக்கணக்கின்படி இலாபம், எத்தனை ஆண்டுகளுள் இலாபம், யாருக்கு இலாபம் என்பன கேட்கப்படுவதில்லை. 1980களில் ஸ்பெயின் நாட்டில் ஏறத்தாழ ஏழாண்டுகள் நின்று வீழ்ந்த ஒரு கோபுரத்தை முன்வைத்து இவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்ரிட் நகருக்குத் தெற்கே சுமார் 150 கிலோமீற்றர் தொலைவில், லா மஞ்சாச் சமவெளியில் மன்சனாரெஸ் என்னும் ஊர் அமைந்துள்ளது. செர்வாண்டிசின் டொன் குவிக்சோட் காற்றாலைகளை அரக்கரென்று கருதிப் பொருதியது இச்சமவெளியிலேதான். இங்கு 1981-82 இல், மேற்கு ஜேர்மனியின் ஆராய்ச்சி, தொழில்நுட்ப அமைச்சினது நிதியைக் கொண்டு, 194.6 மீற்றர் உயரமும் ஏறத்தாழ 10 மீற்றர் விட்டமும் உடைய இரும்புத் தகட்டுக் குழாயொன்று நிறுத்தப்பட்டது. தகட்டின் தடிப்பு ஒன்றேகால் மில்லிமீற்றர் மாத்திரமே. அதனைச் சூழ 244 மீற்றர் விட்டத்திற்கு, நிலத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரத்தில், பிளாத்திக்குப் படலத்தாலும் கண்ணாடியாலும் ஆன கூரை வேயப்பட்டது. இதனை வடிவமைத்தவர் ஸ்டுட்கார்ட் நகரத்துப் பொறியியலாளரான யோர்க் ஷ்லைக் (1934-2021) ஆவார். எண்ணம் அவருக்கு முற்பட்டது; 1903 இலேயே இஸிடோரோ கபான்யெஸ் என்ற ஸ்பானிய இராணுவ அதிகாரி இத்தகையதோர் அமைப்பினை முன்மொழிந்திருந்தார்.

அமைப்பின் தத்துவம் எளிது. கூரை வெயிலை உள்ளே விடுகின்றது. ஆனால் நிலத்திலிருந்து எழும் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றது. சூடேறிய காற்று அடர்த்தி குறைந்து நடுவிலுள்ள குழாயை நாடிச் செல்கின்றது, குழாயினுள் மேலெழுகின்றது, அதன் இடத்தை நிரப்பக் கூரையின் திறந்த விளிம்புகள் வழியாகப் புதுக்காற்று உட்புகுகின்றது. குழாயின் அடியிற் பொருத்தப்பட்ட சுழலியை இவ்வோட்டம் சுழற்றுகின்றது. பச்சைவீடு, புகைபோக்கி, காற்றுச் சுழலி ஆகிய மூன்று பழம்பொருள்களின் சேர்க்கையே இது. 'புகைபோக்கி' என்று இதனை ஆங்கிலத்திற் பெயரிட்டிருப்பது பொருத்தமற்றது. புகையை எழுப்பாமையே இதன் சிறப்பு. ஜேர்மன் மொழிப் பெயரோ 'மேலெழு காற்று மின்நிலையம்' எனப் பொருள்படும், அதுவே செம்மையானது.

இவ்வமைப்பு வெயில் மறைந்ததும் ஓய்ந்துவிடுவதில்லை. பகலிற் சூடேறிய நிலம் இரவில் வெப்பத்தைத் திருப்பித் தருகின்றது. 1987 ஆம் ஆண்டில் மன்சனாரெஸ் நிலையம் 3157 மணித்தியாலங்கள் வலையமைப்பிற்கு மின்சாரம் வழங்கியது. அவற்றுள் 244 மணித்தியாலங்கள் இரவுநேரத்தவை. கூரையின் கீழே நீர் நிரம்பிய குழாய்களைப் பரப்பினால் இரவுப் பங்கினை மேலும் கூட்டலாம். விலையுயர்ந்த மின்கலங்கள் இன்றியே சேமிப்பு இயலும் என்பது சிறிய விடயமன்று.

எனினும், இதன் பலவீனத்தை மறைப்பது நேர்மையாகாது. கூரையின் பரப்பு ஏறத்தாழ 46,000 சதுர மீற்றர். உச்சி வெயிலில் சதுர மீற்றருக்கு 1000 வாற்று எனக் கொண்டால், கூரையின்மேல் வீழும் வலு 46 மெகாவாற்று. கிடைத்த உச்ச மின்வலு 50 கிலோவாற்று. அதாவது, ஏறத்தாழத் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு. இது பொறியியலாளரின் கவனக்குறைவால் விளைந்ததன்று. பௌதிக விதியின் விளைவு. வெப்பத்தை இயக்கமாக மாற்றும் ஆற்றல் கோபுரத்தின் உயரத்திற்கு நேர்விகிதமானது. 195 மீற்றர்க் குழாய் தான் பெறும் வெப்பத்தில் நூற்றுக்கு முக்கால் வீதத்தையேனும் இயக்கமாக்க இயலாது. 1000 மீற்றர்க் கோபுரமாயின் நூற்றுக்கு மூன்று வீதத்தை அண்மிக்கலாம். ஆகவே, இத்தொழில்நுட்பம் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக வளரத்தக்கதன்று. ஒன்றில் மிகப் பெரிதாகக் கட்டுதல் வேண்டும். அன்றேல் கட்டாது விடுதல் வேண்டும்.

மன்சனாரெஸ் கோபுரம் மூன்றாண்டுப் பரிசோதனைக்கென்றே திட்டமிடப்பட்டது. அதன்பின் கழற்றப்படவிருந்தமையால், அதனைத் தாங்கிய இழுகம்பிகளுக்குத் துருத்தடுப்புப் பூசப்படவில்லை. கோபுரமோ எதிர்பார்ப்பினையும் மிஞ்சி உழைத்தது. 1989 இல் வீசிய புயலில், துருவேறிய கம்பிகள் அறுந்து அது சரிந்தது. திட்டமிட்ட ஆயுளினும் இரு மடங்கிற்கு மேல் வாழ்ந்த ஒரு பொருளின் வீழ்ச்சி, பின்னர் அத்தொழில்நுட்பத்தின் தோல்வியாகவே பலராலும் எடுத்துரைக்கப்பட்டது.

அடுத்த படியாக அமைந்திருக்க வேண்டிய பெருங்கோபுரம் இன்றுவரை எழவில்லை. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1000 மீற்றர் உயரமும் 200 மெகாவாற்று வலுவும் உடைய நிலையமொன்று 2000களின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது; கட்டப்படவில்லை. சீனாவின் உள் மங்கோலியாவில், வுஹாய் என்ற இடத்தில் 2010 இல் இயங்கத் தொடங்கிய நிலையத்தின் வலு 200 கிலோவாற்றே.

முற்போக்கு வட்டாரங்களிற் சிலர் இதனை எண்ணெய்க் கம்பனிகளின் சதியாக விளக்க முற்படுவர். அவ்விளக்கம் எளிதானது, எளிதாயிருத்தலே அதன் குறைபாடுமாகும். சதியெதுவும் இன்றியே, வழமையான கணக்கியல் இதனைச் செய்து முடிக்க வல்லது என்பதைக் காண்போம்.

கோபுரத்திற்கு எரிபொருள் வேண்டியதில்லை. ஆதலால், அதன் மின்சாரத்தின் விலை பெரும்பாலும் கட்டுமானச் செலவும் அச்செலவுக்கான வட்டியுமே. நூறு ரூபாக் கடனை முப்பது ஆண்டுகளிற் சம தவணைகளாகத் தீர்ப்பதாயின், நூற்றுக்கு 2 வீத வட்டிக்கு ஆண்டுதோறும் 4 ரூபா 46 சதம் செலுத்துதல் வேண்டும். வட்டி 6 வீதமாயின் 7 ரூபா 26 சதம். 12 வீதமாயின் 12 ரூபா 41 சதம். வெயில் ஒன்றே, கூரை ஒன்றே, உழைப்பும் ஒன்றே. எனினும் மின்சாரத்தின் விலை ஏறத்தாழ மும்மடங்காகின்றது. நிலக்கரி நிலையத்தின் நிலை வேறு. அதன் செலவிற் பெரும்பகுதி ஆண்டாண்டு வாங்கப்படும் எரிபொருளாகையால், வட்டி உயர்வு அதனை அவ்வளவு தாக்குவதில்லை. வட்டி உயருந்தோறும் ஒப்பீட்டளவில் நிலக்கரி 'மலிவாகின்றது'. வறிய நாடுகளே உயர்ந்த வட்டிக்குக் கடன்படுவன என்பதையும், வெயில் மிகுந்த நாடுகளுட் பல அவையே என்பதையும் சேர்த்து நோக்கினால் இம்முரண்பாட்டின் கூர்மை புலப்படும்.

இன்னொன்றும் உண்டு. கொங்கிறீற்றாலான கோபுரம் முப்பது ஆண்டுகளுடன் மடிவதன்று; கடன் தீர்ந்தபின்னும் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் 12 வீதக் கணக்கின்படி, ஐம்பது ஆண்டுகளின் பின்னர் கிடைக்கும் நூறு ரூபாவின் இன்றைய மதிப்பு 35 சதமே. அடுத்த தலைமுறை பெறவிருக்கும் ஒளி இக்கணக்கேட்டில் ஏறக்குறையப் பூச்சியமாகின்றது. மூலதனம் தன்னிடம் எவ்வளவு விரைவில் திரும்பி வருகின்றது என்பதை மார்க்ஸ் தமது பெருநூலின் இரண்டாம் பாகத்தில் விரிவாக ஆராய்ந்தார். நிலை மூலதனத்தின் நீண்ட சுழற்சிக் காலம் பற்றிய அப்பகுதியினை எம்மவர் முதற்பாகத்தைப் போலப் பயில்வதில்லை; பயில வேண்டும்.

சூரியப்படலின் வெற்றியும் இவ்விடத்து விளக்கம் பெறுகின்றது. 2010 முதலான பத்தாண்டுகளில் அதன் விலை ஐந்தில் ஒரு பங்கிற்கும் கீழே வீழ்ந்தது. படல் பகுக்கத்தக்கது: ஒன்றாகவும் விற்கலாம், இலட்சமாகவும் விற்கலாம், விற்ற பணம் விரைவில் மீளும், ஒவ்வோர் உற்பத்திச் சுற்றும் அடுத்த சுற்றினை மலிவாக்கும். கோபுரம் பகுக்கப்படாதது. பரப்பளவிற்குக் கிடைக்கும் மின்சாரத்திலும் படலே பன்மடங்கு மேலானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயின், உலகச் சந்தையில் வீழ்ந்த விலையை மட்டும் நோக்கித் தீர்ப்பளிப்போர், படலை உற்பத்தி செய்யும் ஆற்றல் பெரும்பாலும் சீனா என்ற ஒரே நாட்டிற் குவிந்திருப்பதையும், ஏனையோர் முடிந்த பொருளை வாங்குவோராக மட்டும் ஆகியிருப்பதையும் கணக்கில் எடுப்பதில்லை.

ஷ்லைக்கின் வாதம் இங்கேயே வலுப்பெறுகின்றது. கண்ணாடிக்கு மணல், கொங்கிறீற்றுக்குக் கல்லும் சீமெந்தும். இவற்றை வறிய நாடுகள் தம் மண்ணிலிருந்தே பெறலாம், தம் மக்களின் உழைப்பாலேயே கட்டலாம் என்று அவர் வற்புறுத்தினார். இது வெறும் பேச்சன்று. கல்கத்தாவில் 1992 இல் திறக்கப்பட்ட இரண்டாவது ஹூக்ளிப் பாலத்தை வடிவமைத்தபோது, உள்ளூர்த் தொழிலாளரின் திறனுக்கு ஏற்ப, உருக்குப் பாகங்களைத் தறையாணி அடித்துப் பொருத்தும் பழைய முறையை அவர் ஏற்றார். மேற்கில் அம்முறை அப்பொழுது ஏறத்தாழ வழக்கொழிந்திருந்தது.

ஆயினும், அவ்வாதத்தில் அமைதி காக்கப்படும் இடமொன்றுண்டு. 200 மெகாவாற்று நிலையத்திற்கு அவர் வகுத்த கூரையின் விட்டம் 7 கிலோமீற்றர். அஃதாவது 38 சதுர கிலோமீற்றர் நிலம். பாலைவனம் வெறுமையானது, ஆகவே விலையற்றது என்பது திட்டங்களிலெல்லாம் சொல்லாமலே கொள்ளப்படும் எடுகோள். குடியேற்றவாதிகள் நிலங்களைக் கைப்பற்றியதும் இவ்வெடுகோளின் மீதே. பாலைக்கும் எயினர், மறவர் என மக்களை வகுத்துக் கூறியது எமது இலக்கண மரபு. தார்ப் பாலையிலும் சகாராவின் விளிம்புகளிலும் மேய்ச்சலை நம்பி வாழ்வோர் உளர். கூரை வேயப்படும் நிலத்தின் மீது அவர்களுக்குள்ள உரிமை பெரும்பாலும் எழுத்திற் பதியப்படாதது. வட்டியை அரசு தள்ளுபடி செய்யலாம். இவ்வுரிமை எவ்வாறு தீர்க்கப்படும் என்பதற்கு ஷ்லைக்கின் கணக்கிலும் இடமில்லை, கம்பனிகளின் கணக்கிலும் இடமில்லை.