பாண்டி நாட்டில் சோழன் மீது வழக்கு!

ஆலங்குளம் டீக்கடையில் ஓயாத 'பொன்னியின் செல்வன்' பஞ்சாயத்து

"ஏம்ப்பா, நம்ம ராசா தலையை வெட்டினவனுக்கு நாமளே விசில் அடிக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு ஆலங்குளத்தில் இன்னும் தீர்ப்பு வரவில்லை!

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தை நினைத்து விடாதீர்கள். இது ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தென்கிழக்கே, கரிசல் காட்டில் இருக்கும் ஆலங்குளம். 1970-ல் அரசு சிமெண்டு ஆலை வந்ததால் 'சிமெண்டு ஆலங்குளம்' என்றால் எல்லோருக்கும் புரியும்.

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ந் தேதி வந்தது. இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ந் தேதி வந்தது. தியேட்டரை விட்டுப் படம் போய் எத்தனையோ நாள் ஆகிவிட்டது. ஆனாலும் டி.வி.யில் ஒரு தடவை போட்டால் போதும். மறுநாள் காலை டீக்கடை பெஞ்சில் சோழ நாடு, பாண்டிய நாடு எல்லாம் வந்து உட்கார்ந்து விடுகின்றன.

இதில் இரண்டு கட்சி. ஒன்று புத்தகக் கட்சி. மற்றது படக் கட்சி.

ஏரிக்கரையில் தகராறு

புத்தகக் கட்சியில் பெரும்பாலும் வயதானவர்கள். வாத்தியார்கள், வாத்தியார் வீட்டு அம்மாமார்கள். 'கல்கி' பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வந்த கதையை வாராவாரம் கிழித்து வைத்து பைண்டு செய்த குடும்பங்களின் வாரிசுகள். ஒரு அத்தியாயம் படித்துவிட்டு அடுத்ததற்கு ஒரு வாரம் காத்துக் கிடந்த கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள்.

அவர்களுடைய முதல் புகார் வேகம். நாவல் எப்படித் தொடங்குகிறது? ஆடிப்பெருக்கு. கடல் மாதிரி விரிந்து கிடக்கும் வீரநாராயண ஏரி. கரை மேலே வந்தியத்தேவன் குதிரை மெல்ல நடை போடுகிறது. படத்திலோ எடுத்த எடுப்பில் யுத்தம்!

"கண்மாய் நிறைஞ்சா ஊரே கரையில போய் நின்னு பாக்கிற சனம் நாம. நிறைஞ்ச ஏரியோட அருமை நமக்குத்தானய்யா தெரியும்? அதை நின்னு பாக்க விடாம வெட்டு குத்துன்னு ஆரம்பிச்சா எப்படி?" என்பது இவர்கள் கட்சி.

படக் கட்சி இளவட்டங்கள் விடுவார்களா?

"அண்ணாச்சி, அஞ்சு பாகம் புத்தகம். ரெண்டு படமும் சேர்த்தா அஞ்சரை மணி நேரம். பாகத்துக்கு ஒரு மணி நேரம்தான் கணக்கு. ஏரிக்கரையிலேயே அரை மணி நேரம் போனா, இடைவேளைக்குள்ள கடம்பூர் மாளிகையே வராது!"

கணக்கு என்னவோ சரிதான். ஆனால் அந்த வேகத்திலும் படம் பார்த்தவர்கள் தடுமாறியது உண்டு. பெரிய பழுவேட்டரையர் யார், சின்னப் பழுவேட்டரையர் யார், மதுராந்தகன் யாருக்கு என்ன உறவு என்று பக்கத்து சீட்டுக்காரரைச் சுரண்டாதவர்கள் குறைவு. புத்தகம் படித்தவர்களுக்குத் தியேட்டரில் திடீர் மரியாதை!

மணிமேகலை எங்கே?

பெண்கள் பக்கம் பெரிய புகார் மணிமேகலை. கடம்பூர் கந்தமாறனின் தங்கை. வந்தியத்தேவன் மேல் உயிரையே வைத்த வெகுளிப் பெண். நாவலின் கடைசி அத்தியாயமே அவளுடைய சாவுதான். அதைப் படித்துவிட்டு அழாத பெண்கள் உண்டா? படத்தில் அவளே இல்லை!

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு வேறு கவலை. நாவலில் நந்தினிக்குக் கல்கி ஆண்டாள் கொண்டை போட்டிருக்கிறார். அவளைத் தங்கையாக வளர்த்த ஆழ்வார்க்கடியானோ போகிற இடமெல்லாம் ஆழ்வார் பாசுரம் பாடி, சைவர்களோடு மல்லுக்கு நிற்கிற வீர வைஷ்ணவன். ஆண்டாள் பிறந்த ஊரில் இவர்கள் இருவரையும் 'நம்ம வீட்டு மனுஷங்க' என்றுதான் சொல்வார்கள். ஜெயராம் நடித்த நம்பியைப் பார்த்துச் சிரித்தார்கள். "இன்னும் ரெண்டு சண்டை போட விட்டிருக்கலாம்" என்று குறைப்பட்டும் கொண்டார்கள்.

ஆனால் உண்மையில் பெரிய இழப்பு மணிமேகலை அல்ல, சேந்தன் அமுதன்தான். நாவலில் அவன் சிவபெருமானுக்குப் பூமாலை கட்டும் பிள்ளை. ராஜ்யம் வேண்டாம், புஷ்பக் கைங்கரியம் போதும் என்று கிடப்பவன். கடைசியில் பார்த்தால் செம்பியன் மாதேவியின் சொந்த மகனே அவன்தான்! அருள்மொழிவர்மன் தன் தலைக்கு வரவேண்டிய கிரீடத்தை அவன் தலையில் வைக்கிறான். வேண்டாம் என்கிறவனுக்கு, வேண்டாம் என்கிறவன் கொடுக்கிறான்.

படத்தில் இந்த ஆள் மாறாட்டம் இல்லை. பட்டத்துக்காகச் சதி செய்த மதுராந்தகனுக்கே கிரீடம் போகிறது. சரித்திரத்தில் மதுராந்தக உத்தம சோழன் ஆண்டதும், அவனுக்குப் பிறகு 985-ல் ராஜராஜன் பட்டத்துக்கு வந்ததும் உண்மைதான். மணிரத்னம் அந்த வழியில் போய்விட்டார். ஆனால் பூக்காரப் பையன் ராஜாவாகிற அதிசயம் போயே போய்விட்டது.

ரவிதாசன் நம்ம ஆளா?

சரி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். இதுதான் டீக்கடையில் குரல் உயர்கிற இடம்.

ஆலங்குளம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் பழைய பாண்டி நாடு. கதையில் வீரபாண்டியன் தோற்று, காயம்பட்டு, குடிசையில் கிடக்கிறான். கொல்லாதே என்று நந்தினி காலில் விழுந்து கெஞ்சுகிறாள். ஆதித்த கரிகாலன் கேட்கவில்லை. தலையை வெட்டுகிறான். அதற்குப் பழி வாங்கச் சபதம் எடுத்த ஆபத்துதவிகள்தான் ரவிதாசனும் அவன் கூட்டாளிகளும். கதைப்படி இவர்கள் சதிகாரர்கள்.

"சோழ நாட்டுக்காரர் எழுதினா அப்படித்தான் எழுதுவார். நம்ம பக்கத்துல ஒருத்தர் எழுதியிருந்தா ரவிதாசன்தானய்யா ஹீரோ!" என்று ஒரு குரல் எழும்பும். கல்கி தஞ்சைச் சீமைக்காரர் என்பதால் இதை லேசில் தள்ளிவிட முடிவதில்லை.

ரவிதாசன் வெறும் கற்பனையும் அல்ல. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி கோவிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்கள் அதில் உண்டு. அவர்களுடைய சொத்தைப் பறித்த விவரமும் உண்டு. ரவிதாசனுக்குப் 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்று பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன்!

இதைச் சொன்னதும் பெஞ்சு அதிரும். "பாத்தீங்களா, நம்ம ஆளேதான்!"

விக்ரம் ரசிகர்கள் உடனே எழுந்து விடுவார்கள். "அந்தக் கரிகாலன் நந்தினியை நினைச்சுப் புலம்பினப்ப நீரும் கண்ணைத் துடைச்சீரே மாமா, மறந்து போச்சா?" மாமா பேசாமல் டீயை ஆற்றுவார். துடைத்தது உண்மை!

குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கும் காட்சிக்கு மட்டும் இரண்டு கட்சியிலும் ஒரே ஓட்டு. த்ரிஷாவும் ஐஸ்வர்யா ராயும் நாவலில் இருந்து இறங்கி வந்த மாதிரி இருந்தது என்று பெரியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

1958-ல் எம்.ஜி.ஆர். இந்தக் கதையை எடுக்க உரிமை வாங்கி, முடியாமல் விட்டவர். அவர் எடுத்திருந்தால் வந்தியத்தேவன் எப்படி இருந்திருப்பான் என்று ஒரு பெரியவர் எடுத்துக் கொடுத்தால், அடுத்த ஒரு மணி நேரம் அதற்கே சரியாகிவிடும்.

இதற்கு நடுவில் படக் கட்சிப் பையன்கள் சிலர், பைண்டு புத்தகத்தை ரகசியமாக இரவல் வாங்கிப் போகிறார்கள். ஒருவன் 'சுழற்காற்று' வரை வந்துவிட்டான். மணிமேகலை கடைசியில் என்ன ஆகிறாள் என்று அவன் காதில் போடக்கூடாது என்பதில் மட்டும் பெஞ்சு முழுக்க ஒற்றுமை.