உஷார்! பொடி எழுத்தில் தொலையும் பிள்ளைகள்

பிள்ளை புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் படிக்கிறதா? கண்ணாடி வாங்கிக் கொடுத்த பிறகும் கரும்பலகையில் உள்ளதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறதா? அதிராம்பட்டினத்து உம்மாமார்களே, அம்மாமார்களே, உஷாராகிவிடுங்கள். சோம்பல், அடம் என்று திட்டி விட்டுவிடாதீர்கள். அது குறைபார்வையாக இருக்கலாம். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் அசந்துவிட்டால் வருஷப் படிப்பே போய்விடும்.

கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணிலேயே பார்வை 6/18-க்கு மேல் ஏறாவிட்டால் சட்டம் அதைக் குறைபார்வை என்கிறது. மற்றவர்கள் 18 மீட்டரிலிருந்து படிக்கிற எழுத்தை இந்தப் பிள்ளை 6 மீட்டருக்கு வந்துதான் படிக்க முடியும். பலருக்கு இதைவிட மோசம். கண் தெரிகிறதே என்று ப்ரெய்லும் சொல்லித்தர மாட்டார்கள்; தெரிகிற அளவில் புத்தகமும் கையில் இருக்காது.

பொடி எழுத்தில் முதலில் காணாமல் போவது புள்ளி. 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். சுழி கரைந்து ணகரமும் னகரமும் ஒன்றாகத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளை அக்கா வாசிப்பதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து நாலைந்து வகுப்புகளைக் கடத்திவிடும். வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. பிறகு சமூக அறிவியலில் வரைபடம் வரும். பச்சை வயல்மேல் நீலக்கோடு, அதன்மேல் எறும்பு ஊர்வதுபோல் எழுத்து. நம் கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுவரும் கல்லணைக் கால்வாய் எங்கே என்று கேட்டால் பிள்ளை முழிக்கும். 'மக்கு' என்ற பட்டம் அன்றைக்கு ஒட்டிக்கொள்ளும்.

'கிட்ட வச்சுப் படிக்காதே, இருக்கிற கண்ணும் போயிடும்' என்று மிரட்டுவதை உடனே நிறுத்துங்கள். கிட்டே கொண்டுபோனால் எழுத்து பெரிதாகத் தெரிகிறது, அதனால்தான் பிள்ளை அப்படிச் செய்கிறது. 1908-ல் லண்டனில் கடும் கிட்டப்பார்வைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியிலும் இதே பயத்தில் படிப்பையும் எழுத்தையும் குறைத்தார்கள். 1964-ல் அமெரிக்காவின் நடாலி பராகா வெளியிட்ட ஆய்வு அந்தப் பயத்தை உடைத்தது. இருக்கிற பார்வையைப் பயன்படுத்தப் பழக்கியபோது, அளந்து பார்த்த பார்வை அளவு மாறாமலே பிள்ளைகளின் பார்க்கும் திறன் கூடியது. அறுபது வருஷம் ஆகியும் நம் வீடுகளில் புத்தகத்தைப் பிடுங்கி வைக்கிறோம் என்பது வேதனை.

பெரிய எழுத்துப் புத்தகம் யாரும் போடுகிற பிச்சை இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகமும் உபகரணமும் இலவசமாகத் தரச் சொல்கிறது. அந்தப் பொறுப்பு அரசுக்கு மட்டுமல்ல, உள்ளாட்சிக்கும் உண்டு. ஆனால் கேட்காவிட்டால் வராது, கேட்டாலும் தாமதமாகலாம். கீழ்வகுப்புகளில் முப்பருவ முறை என்பதால் செப்டம்பர் தாண்டி வரும் முதல் பருவப் புத்தகம் அலமாரிக்குத்தான் போகும்.

அதுவரைக்கும் ஜெராக்ஸ் எடுக்கலாம் என்பவர்களும் கவனியுங்கள். ஏ4 தாளை ஏ3 ஆக்கினால் எழுத்து ஏறக்குறைய 1.4 மடங்குதான் பெருகும். 10 பாயின்ட் எழுத்து 14 ஆகும். பெரிய எழுத்து என்றால் குறைந்தது 16, 18 பாயின்ட் வேண்டும். கறுப்பு வெள்ளையில் வரைபடம் வெறும் சாம்பல் திட்டாகிவிடும். பாடநூல் கழகப் புத்தகங்கள் இணையத்தில் பி.டி.எஃப். ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. அதை இறக்கி, பிள்ளையை உட்காரவைத்து, எந்த அளவு சிரமமில்லாமல் தெரிகிறது என்று பார்த்த பிறகு அச்செடுங்கள். லாப நோக்கமில்லாமல் இப்படிச் செய்வதற்கு 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது. சபுரில், அதாவது வெளிநாட்டில், இருக்கும் வாப்பாமார் டேப்லெட் அனுப்பினால் நல்லதுதான். ஆனால் விரலால் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும்; பக்கம் முழுதாகத் தெரியாது. புத்தகத்துக்கு அது ஈடாகாது.

முதலில் கண் டாக்டரிடம் காட்டி, கண்ணாடியாலோ ஆபரேஷனாலோ சரியாகுமா என்று கேளுங்கள். ஆகாது என்றால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் உடனே விண்ணப்பியுங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் என்ற சலுகைகளுக்கும் அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். தலைமை ஆசிரியர் வழியாக முன்கூட்டியே கேட்க வேண்டும். தேர்வு நெருங்கியபின் ஓடினால் கை விரிப்பார்கள்.

வட்டார வள மையத்தில் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை பாயின்ட் எழுத்து என்று தெளிவாக எழுதி, தலைமை ஆசிரியரிடம் ஒன்று, அவர்களிடம் ஒன்று கொடுங்கள். வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். தேதி போட்டு, ஒப்புகை வாங்கி, நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.