காடிக்குள் எத்தனை கம்பி?

1897-இல் 7.5 குதிரைத்திறன் மோட்டார் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், இன்று 100 குதிரைத்திறன் மோட்டாரைப் பூட்டிவிடலாம். அன்றும் இன்றும் உள்ளே இருப்பவை இரும்பும் செம்பும்தான். இரும்புத் தகட்டின் தரம் உயர்ந்தது, கம்பியின் காப்பு மெலிந்தது, காயில் சுற்றும் முறை தேர்ந்தது.

மோட்டாரில் சுழலாமல் நிற்கும் பகுதி ஸ்டேட்டர். மெல்லிய தகடுகளை அடுக்கி, உட்புறம் வரிசையாகக் காடிகள் வெட்டி, அவற்றில் எனாமல் பூசிய செம்புக் கம்பியை இறக்குவார்கள். மூன்று ஃபேஸ் மின்சாரம் பாய்ந்ததும் அந்தக் காயில்களில் காந்தப்புலம் சுழலத் தொடங்கும். நடுவில் இருக்கும் ரோட்டர் அதன் பின்னே ஓடும்.

மோட்டாரைச் சிறிதாக்கும் போராட்டம் இந்தக் காடிக்குள்தான் நடக்கிறது. கையால் சுற்றிய மோட்டாரில் காடியின் இடத்தில் ஏறக்குறைய 40 முதல் 45 சதவீதம்தான் செம்பு. மிச்சத்தை எனாமலும் காப்புத் தாளும் உருண்டைக் கம்பிகளுக்கு நடுவே உள்ள சந்தும் தின்றுவிடுகின்றன. காடியை அகலமாக வெட்டினால் என்ன? பக்கத்துப் பல் மெலியும். காந்தப்புலம் அந்த ஒடுக்கமான இரும்பில் நெருக்கியடிக்கும். மோட்டார் வீணாக அதிக மின்னோட்டம் இழுக்கும். அதனால்தான் மின்சாரக் கார்களில் பலவும் கொண்டை ஊசிபோல் வளைத்த பட்டைக் கம்பிக்கு மாறின. பட்டையோடு பட்டை ஒட்டி உட்காருவதால் செம்பின் பங்கு 70 சதவீதம்வரை எட்டும்.

காடிக்கு வெளியே வளைந்து திரும்பும் கம்பி இன்னொரு தலைவலி. அது சுழலும் விசை எதையும் தருவதில்லை. வெப்பத்தை மட்டும் தரும். 24 காடியும் இரண்டு துருவமும் உள்ள மோட்டாரில், முதல் காடியில் இறங்கும் காயில் 13-ஆம் காடியில் ஏற வேண்டும். அதை 11-ஆம் காடியிலேயே ஏற்றினால் வளைவு குறுகும். புலத்தின் வலு 3.4 சதவீதம்தான் குறையும். ஓட்டத்தைக் கெடுக்கும் ஐந்தாம், ஏழாம் அலைக்கூறுகளோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். விட்டது கொஞ்சம், பெற்றது அதிகம்.

கோயம்புத்தூர்ப் பட்டறைகளுக்கு நன்கு பழக்கமான நீர்மூழ்கி மோட்டாருக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. நான்கு அங்குல ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்க வேண்டுமே! மோட்டார் தரும் சுழல்விசை, ரோட்டர் விட்டத்தின் வர்க்கத்தையும் நீளத்தையும் பொறுத்தது. விட்டம் பாதியானால் நீளம் நான்கு மடங்காக வேண்டும். நீர்மூழ்கி மோட்டார் குழாய்போல் நீண்டிருப்பதன் காரணம் இதுவே. தண்ணீர் நிரப்பிய வகையில் எனாமல் மட்டும் போதாது. கம்பிக்குத் தடித்த பிளாஸ்டிக் உறை போடுகிறார்கள். அந்த உறையும் காடியின் இடத்தில் பங்கு கேட்கும்.

செம்பு குறைந்தால் சூடு ஏறும். சூடு 10 டிகிரி கூடினால் காப்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் நெடுநாளாகக் கைக்கொள்ளும் கணக்கு. காயில் கருகிய மோட்டாரை ரீவைண்டிங் செய்யும்போது, காடிக்குள் எளிதாக இறங்குகிறதே என்று விட்டம் 10 சதவீதம் குறைந்த கம்பியைச் சுற்றினால், மின்தடை 23 சதவீதம் ஏறிவிடும். தேர்ந்த வைண்டர் பழைய காயிலை வெட்டி எறியும் முன் சுற்றுகளை எண்ணுவார். பிறகு ஒரு துண்டுக் கம்பியின் எனாமலைச் சுரண்டி, அதன் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து குறித்துக்கொள்வார்.