மடித்து வைக்கும் சிற்பம்

அருங்காட்சியகத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்து இறங்குகிறது. திறந்தால், பட்டுப்புடவையை மடித்து வைத்ததுபோல உள்ளே ஏதோ ஒன்று. பொன்னும் சிவப்புமாக மின்னுகிறது. நாலைந்து பேர் சேர்ந்து தூக்கி விரிக்கிறார்கள். விரிய விரியச் சலசலவென்று தகரச் சத்தம். முழுவதும் விரித்தபின் ஒரு பெரிய சுவரையே மூடும் அளவுக்கு இருக்கிறது. எது தலைப்பு, எது அடி, எங்கே கொசுவம் விழவேண்டும்? செய்தவரிடமிருந்து பெரும்பாலும் கட்டளை எதுவும் வருவதில்லை. மாட்டுகிறவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

தூரத்தில் நின்றால் அது அரச குலத்தார் போர்த்தும் சரிகைத் துணி. பக்கத்தில் போனால் ஒவ்வொரு புள்ளியும் நசுக்கித் தட்டையாக்கிய சாராய பாட்டில் மூடி. மூடிகளையும் பாட்டில் கழுத்தைச் சுற்றியிருந்த அலுமினியப் பட்டைகளையும் மெல்லிய செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டியிருக்கிறார்கள். அப்படி ஆயிரக்கணக்கில் சேர்ந்ததுதான் அந்தத் துணி.

இதைச் செய்தவர் எல் அனட்சூயி. கானாவில் பிறந்து, நைஜீரியாவில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த சிற்பி. இன்று உலகின் முன்னணி அருங்காட்சியகங்கள் பலவற்றில் அவருடைய படைப்பு இருக்கிறது. 'குப்பையைக் கலையாக்குகிறவர்' என்று அவரைப் பற்றி எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவருக்கு அந்த விளக்கத்தில் உடன்பாடில்லை. பழைய பொருளை மறுபடி பயன்படுத்துவது தன் வேலையல்ல, அதை வேறொன்றாக மாற்றுவதே தன் வேலை என்று பல பேட்டிகளில் அவர் சொல்லியிருக்கிறார். அந்த வேறுபாடு அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு அவர் வந்த வழியே விடை சொல்கிறது.

கானாவின் தென்கிழக்கில் கேட்டா காயலின் கரையில் இருக்கிறது அன்யாகோ என்ற ஊர். அனட்சூயி 1944-இல் அங்கே, எவே இனக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனாருக்கு முப்பத்திரண்டு பிள்ளைகள், இவர் கடைசி. தகப்பனாரும் அண்ணன்மாரும் கென்டே துணி நெய்தவர்கள். கென்டே நெய்யும் தறி குறுகலானது. நான்கு விரற்கடை அகலத்துக்கு நீண்ட பட்டைகளாகத்தான் நெய்ய முடியும். அந்தப் பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தால் உடலைச் சுற்றிப் போர்த்தும் பெரிய துணி கிடைக்கும். அனட்சூயி தறியில் உட்காரவில்லை. சிறுவயதில் தாயை இழந்த அவரைப் பாதிரியாராக இருந்த மாமா வளர்த்தார். ஆனால் சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெரியதொன்றை உண்டாக்கும் அந்தக் குடும்பத் தொழிலின் கணக்கு, பிற்காலத்தில் வேறு வடிவில் அவரிடம் வந்து சேர்ந்தது.

1960களில் குமாசி நகரப் பல்கலைக்கழகத்தில் சிற்பம் படித்தார். பாடத்திட்டம் முழுக்க ஐரோப்பியக் கலை. நாடு விடுதலை அடைந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வகுப்பில் கிடைக்காததைத் தேடி அவர் அதே ஊரிலிருந்த பண்பாட்டு மையத்துக்குப் போனார். அங்கே நெசவாளிகளும் மரம் செதுக்குவோரும் பறை அடிப்போரும் தத்தம் வேலையில் இருந்தார்கள். துணியில் அச்சிடும் அடிங்க்ரா குறியீடுகளை அங்கேதான் ஊன்றிப் பார்த்தார். ஒவ்வொரு குறியும் ஒரு கருத்தைச் சொல்லும். மனித உருவத்தை அச்சாக வடிப்பது மட்டுமே சிற்பம் என்று படித்த மாணவருக்கு, உருவமே இல்லாமல் ஒரு கருத்தைக் கண்ணுக்குக் காட்ட முடியும் என்பது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது.

படிப்பு முடிந்து வின்னெபா என்ற கடலோர ஊரில் ஆசிரியர் வேலை. அந்த ஊர்ச் சந்தையில் பெண்கள் மீனையும் காய்கறியையும் வட்ட மரத்தட்டுகளில் பரப்பி விற்பார்கள். அவர் கைவைத்த முதல் அன்றாடப் பொருள் அந்தத் தட்டுதான். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் அதன்மேல் குறிகளைச் சுட்டுப் பதித்தார். சந்தையில் இருந்த தட்டு சுவருக்கு வந்தது.

1975-இல் நைஜீரியாவின் என்சுக்கா பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். நைஜீரியாவின் உள்நாட்டுப் போரான பியாஃப்ரா போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. போரில் அந்த வளாகமே சிதைந்திருந்தது. அங்கே ஊச்சே ஒகேகே போன்ற கலைஞர்கள், இக்போ பெண்கள் உடலிலும் மண்சுவரிலும் வரையும் உலி என்ற கோலமுறையிலிருந்து ஒரு புதிய ஓவிய மொழியை உருவாக்கிக் கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் சேர்ந்த அனட்சூயி களிமண்ணை எடுத்தார். அவர் செய்தவை உடைந்த பானைகள். உடைந்த சில்லுகளைச் சேர்த்து, விரிசல் தெரியும்படியே ஒட்டி நிறுத்தினார். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பானை உடைந்தால் அதன் கதை முடிந்துவிடுவதில்லை; ஓடு வழிபாட்டிடத்தில் படையல் வைக்கும் கலமாகவும் ஆகும். போரில் நொறுங்கிய நாட்டைப் பார்த்துக்கொண்டே செய்த பானைகள் அவை.

1980-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கலைஞர்கள் தங்கும் ஓரிடத்தில் இருந்தபோது, மரம் அறுக்கும் இயந்திர ரம்பத்தைக் கையில் எடுத்தார். உளி பொறுமையாகச் செதுக்கும், ரம்பம் கிழிக்கும். மரப்பலகைகளை அந்த ரம்பத்தால் குறுக்கும் நெடுக்கும் கீறி, தீயால் கருக்கி, வரிசையாக நிறுத்தினார். ஆப்பிரிக்காவின் மக்களையும் மொழிகளையும் கேட்காமல் ஐரோப்பிய வல்லரசுகள் வரைபடத்தில் கோடு கிழித்துக் கண்டத்தைப் பங்கு போட்டதை அந்த ரம்பத்தின் கீறல்கள் நினைவூட்டின. அந்தப் பலகைகளில் இன்னொரு புதுமையும் இருந்தது. வாங்கியவர் அவற்றின் வரிசையை மாற்றி அடுக்கலாம். சிற்பத்துக்கு ஒரே முகம் இருக்கவேண்டியதில்லை என்ற எண்ணம் அங்கே முளைவிட்டது.

பிறகு வந்ததுதான் அந்தப் பை.

1998-ஆம் ஆண்டு. என்சுக்காவின் ஓரத்தில், சாலைக்குப் பக்கத்துப் புதரில், யாரோ வீசிப்போன ஒரு பையைக் கண்டார். உள்ளே நிறைய பாட்டில் மூடிகள். தூக்கிக்கொண்டு வந்து பட்டறையில் வைத்தார். உடனே ஒன்றும் செய்யவில்லை. அப்போது அவர் கையில் வேறு பொருள்கள் இருந்தன: பால் டின் மூடிகள், மரவள்ளிக் கிழங்கு துருவும் துளைபோட்ட தகரத் துருவிகள். நாள் கழித்து மூடிகளைக் கத்தரித்து, தட்டையாக்கி, ஓட்டை போட்டு, கம்பியால் கட்டிப் பார்த்தார். பட்டைகள் வளைந்தன, குழைந்தன, துணிபோல விழுந்தன. பொன்னும் சிவப்பும் கறுப்பும் சேர்ந்தபோது அவர் கண்முன் விரிந்தது கென்டே.

அந்த ஊரில் மூடிகளுக்கு ஏன் பஞ்சமே இல்லை? உள்ளூர்ச் சாராய ஆலைகள் காலிப் பாட்டில்களைத் திரும்ப வாங்கிக் கழுவி மறுபடி நிரப்புகின்றன. ஆனால் ஒருமுறை திருகித் திறந்த மூடி உதவாது. பாட்டில் சுற்றிச் சுற்றி வரும். மூடி மட்டும் குவியும். அந்த மூடிகளில் அச்சிட்ட பெயர்களே ஒரு வட்டாரத்தின் நினைவேடு. 'எகோமாக்' என்றொரு பெயர். அது மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் உள்நாட்டுப் போர்களை அடக்க அனுப்பிய கூட்டுப் படையின் பெயர். 'டார்க் செய்லர்' என்று இன்னொன்று, கறுத்த கடலோடி.

கடல் என்ற சொல்லில்தான் இந்த மூடிகளின் பழங்கதை தொடங்குகிறது. ஐரோப்பிய வணிகர்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்தபோது பண்டமாற்றுக்குக் கொண்டுவந்தவற்றில் மதுவும் ஒன்று. மதுவையும் துணியையும் துப்பாக்கியையும் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். அந்த மனிதர்கள் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். கரும்பிலிருந்து சர்க்கரையும் ரம்மும் வந்தன. ரம் மறுபடி கப்பலேறியது. மூன்று கண்டங்களைக் கட்டிய இந்தக் கயிற்றின் ஓர் இழையாகவே அனட்சூயி மூடியைப் பார்க்கிறார்.

இதில் நமக்கும் ஓர் இழை உண்டு. அந்த வணிகக் கப்பல்களில் போன துணிகளில் சோழமண்டலக் கரையின் கட்டம்போட்ட பருத்தித் துணியும் இருந்தது. தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்கள் இன்றைக்கும் திருமணத்துக்கும் விழாவுக்கும் இடுப்பில் சுற்றும் சிறப்புத் துணிக்கு 'ஜார்ஜ்' என்று பெயர். சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த பெயர் அது என்பார்கள். அனட்சூயி மூடிகளைப் பொறுக்கிய என்சுக்கா அந்த இக்போ நாட்டில்தான் இருக்கிறது.

பட்டறையில் வேலை நடக்கும் விதம் ஊர்கூடித் தேர் இழுப்பதைப் போன்றது. உள்ளூர் இளைஞர்கள் பல பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மூடியின் பக்கத்தைப் பிளந்து விரிப்பார், ஒருவர் முறுக்குவார், ஒருவர் வட்டமான தலையை மட்டும் தனியே எடுப்பார், இன்னொருவர் கழுத்துப் பட்டையை மடித்துச் சிறு செவ்வகமாக்குவார். ஒவ்வொரு முறையும் வேறு அமைப்பு, வேறு நிறம், வேறு கனம். நெருக்கமாகக் கட்டினால் கம்பளம். வளையங்களாகக் கோத்தால் வலைபோலக் காற்று புகும். சிறு சிறு பாளங்களாகச் சேர்ந்தவற்றைத் தரையில் பரப்பி, அனட்சூயி அங்குமிங்கும் நகர்த்திப் பார்க்கிறார். புகைப்படம் எடுக்கிறார், மறுபடி மாற்றுகிறார். அவர் மனசுக்குச் சரியென்று பட்ட பிறகுதான் பாளங்கள் ஒன்றாகக் கட்டப்படுகின்றன.

இத்தனை பேர் கை பட்டிருப்பதை அவர் மறைப்பதில்லை. படைப்பின் பலமே அதுதான் என்கிறார். ஒரு மூடியைத் திறந்த குடிகாரர், அதைச் சேகரித்தவர், பிளந்தவர், கட்டியவர் என்று ஒவ்வொரு கையும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. கை படாத புதுத் தகரத்தை வாங்கிச் செய்தால் வேலை சுலபமாக முடிந்துவிடும். அதில் அந்த மனிதர்கள் இருக்கமாட்டார்கள். மறுபயன்பாடு என்ற சொல் அவருக்குப் போதாமல் போவது இதனால்தான்.

லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம் 'ஆணின் துணி', 'பெண்ணின் துணி' என்ற ஆரம்பகாலப் படைப்புகள் இரண்டை வாங்கியது. ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது 2007-இல், வெனிஸ் கலைவிழாவில். அரங்கத்துக்குள் இரண்டு பெரிய படைப்புகள் தொங்கின. அதோடு, ஃபோர்ட்டூனி மாளிகை என்ற பழைய கட்டடத்தின் முகப்பிலேயே ஒரு பெரிய உலோகத் துணி போர்த்தப்பட்டது. அதில் அங்கங்கே கிழிசல் விட்டிருந்தார். கிழிசல் வழியே பழைய செங்கல் சுவர் எட்டிப் பார்த்தது. வெயில் ஏறி இறங்க நிறம் மாறியது. அரங்கத்தில் தொங்கிய இரண்டில் ஒன்று இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2015-இல் அதே வெனிஸ் விழா வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதை அவருக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு விழாவை வடிவமைத்தவர் நைஜீரியாவில் பிறந்த ஒக்வுய் என்வேசோர். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆப்பிரிக்கர்.

தங்கச் சிங்கம் கிடைத்தபோது அனட்சூயிக்கு வயது எழுபத்தொன்று. அதற்குள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக என்சுக்காவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றிருந்தார். பெயர் பரவிய பிறகும் பட்டறையை லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ அவர் கொண்டுபோகவில்லை. பொருள் எங்கே கிடைக்கிறதோ, அதைத் தெரிந்த கைகள் எங்கே இருக்கின்றனவோ, அங்கேயே நெடுங்காலம் இருந்தார்.

அவருடைய படைப்புகளில் 'க்ளி' என்ற ஒன்றைத் தனியே சொல்லவேண்டும். எவே மொழியில் அந்தச் சொல்லுக்குச் சுவர் என்றும் கதை என்றும் பொருள் உண்டு. எவே மக்களின் பழங்கதையில் அகோகோலி என்ற கொடிய அரசன் வருகிறான். இன்றைய டோகோ நாட்டிலுள்ள நோட்சே என்ற ஊரில் பெரிய மதில் எழுப்பி மக்களை உள்ளே அடைத்து வைத்தான். பெண்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் தினமும் மதிலின் ஒரே இடத்தில் ஊற்றினார்கள். மண் ஊறிக் குழைந்தது. ஓரிரவு அந்த இடத்தை உடைத்து எல்லோரும் வெளியேறினார்கள். தடம் பார்த்துப் பின்தொடர முடியாதபடி பின்னோக்கி நடந்தே போனார்கள். நோட்சேயின் மதில், பெர்லின் சுவர், ஜெருசலேம் சுவர் ஆகியவற்றை மனத்தில் வைத்து 2010-இல் அனட்சூயி செய்த 'க்ளி', வளையங்களால் கோத்த மெல்லிய திரைகளாகக் கூரையிலிருந்து இறங்கியது. அது சுவர்தான். ஆனால் அதன் வழியே மறுபக்கத்து மனிதர்கள் தெரிகிறார்கள்.

2023 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்ன் காட்சிக்கூடத்தின் மாபெரும் டர்பைன் கூடத்தில் அவருடைய 'செந்நிலவுக்குப் பின்னால்' வைக்கப்பட்டது. ஒருகாலத்தில் மின்சார நிலையமாக இருந்த கட்டடம் அது. டேட் என்ற பெயர், சர்க்கரை ஆலை அதிபர் ஹென்றி டேட்டிடமிருந்து வந்தது. சர்க்கரையின் பணத்தில் தொடங்கிய நிறுவனத்தின் நடுக்கூடத்தில், சாராய பாட்டில் மூடிகளால் ஆன மூன்று பெரிய தொங்கல்கள். முதலாவது, காற்றில் புடைத்த கப்பல் பாய். அதன்மேல் சிவந்த நிலவு. இரண்டாவது, அந்தரத்தில் தனித்தனியே தொங்கும் மெல்லிய மனித உருவங்கள். குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்று பார்த்தால் எல்லாம் சேர்ந்து ஒரு வட்டமான உலகமாகின்றன. மூன்றாவது, உயரத்திலிருந்து இறங்கும் கன்னங்கறுத்த சுவர். அதன் அடிப்பகுதி தரையில் அலைபோல மடிந்து சுருண்டு கிடந்தது.

2024 ஏப்ரலில் காட்சி முடிந்தது. பாயையும் உலகத்தையும் சுவரையும் கீழே இறக்கவேண்டியிருந்தது. அடுத்த இடத்தில் பாயின் புடைப்பு வேறாக விழலாம், சுவரின் அலை வேறு பக்கம் சுருளலாம். அனட்சூயிக்கு அதில் ஆட்சேபம் எதுவும் இல்லை.