ஆயா (குழந்தைப் பராமரிப்பு)

ஆயா என்பது ஒரு குடும்பத்துடன் தங்கியோ, நாள்தோறும் வந்து சென்றோ குழந்தைகளைப் பராமரிக்கும் பெண் பணியாளரைக் குறிக்கும் சொல்லாகும். பிரித்தானிய இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியக் குடும்பங்களில் இப்பணி பரவலாக இருந்தது. அக்குடும்பங்களுடன் கப்பலில் இங்கிலாந்து வரை சென்றவர்கள் பயண ஆயாக்கள் எனப்பட்டனர். ஐரோப்பாவின் ஓ பேர் முறை இதனுடன் ஒப்பிடத்தக்கது. எனினும், குடும்பத்துடன் செல்லும் உலா பணியா, ஓய்வா என்பதில் இரண்டும் வேறுபடுகின்றன.

சொற்பிறப்பு

இச்சொல் போர்த்துக்கீச மொழியில் செவிலியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழகத்தின் சில பகுதிகளில் பாட்டியை ஆயா என அழைப்பது உறவுமுறைப் பெயராகும்.

சென்னையில்

குழந்தைகளை மாலையில் காற்று வாங்க அழைத்துச் செல்வது ஆயாவின் அன்றாடக் கடமைகளுள் ஒன்று. அக்காலச் சென்னையின் முதன்மையான பொழுதுபோக்கு இடங்கள் இரண்டு:

- மக்கள் பூங்கா: வடசென்னையின் புளியந்தோப்புக்குத் தெற்கே, சென்னை சென்ட்ரல் நிலையத்தை அடுத்து இருந்தது. ஆளுநர் சார்லசு டிரெவெலியனின் முயற்சியால் 1859 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. குளங்களும் இசைமேடையும் இங்கு இருந்தன. பின்னர் விலங்குக் காட்சிசாலையும் அமைந்தது. அது 1985 ஆம் ஆண்டில் வண்டலூருக்கு மாற்றப்பட்டது. பூங்காவின் நிலத்தில் பிற்காலத்தில் ரிப்பன் மாளிகை உள்ளிட்ட கட்டடங்கள் எழுந்தன.
- மெரினா கடற்கரை: ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில், 1880களில், இங்கு உலாவும் சாலை அமைக்கப்பட்டது.

இவ்விடங்களில் ஆயாவும் பூக்களையும் விலங்குகளையும் கண்டிருப்பார். ஆனால் குழந்தையின் கை அவர் கையில் இருக்கும்வரை அது பணி நேரமே.

இலண்டன் ஆயாக்கள் இல்லம்

கடற்பயணத்தில் குழந்தைகளைக் கவனித்து வந்த ஆயாக்களுள் சிலர், இங்கிலாந்தை அடைந்ததும் ஊர் திரும்பப் பயணச்சீட்டின்றிக் கைவிடப்பட்டனர். 1908 ஆம் ஆண்டில் ஓர் ஆயா, கையில் ஒரு பவுன் பணத்துடன் இலண்டன் கிங்சு கிராசு தொடருந்து நிலையத்தில் விடப்பட்டார்.

இத்தகையோருக்கு ஆயாக்கள் இல்லம் தங்குமிடம் அளித்தது. முன்பு ஆல்ட்கேட் பகுதியில் இருந்த இவ்வில்லம், 1900 ஆம் ஆண்டில் ஆக்னி பகுதிக்கு மாற்றப்பட்டது. இலண்டன் நகர சமயப்பணிக் கழகம் இதனை நடத்தியது. இந்தியா செல்லவிருக்கும் குடும்பங்களுடன் ஆயாக்களைச் சேர்த்து அனுப்புவது இதன் முதன்மைப் பணியாகும். ஆக்னியில் இல்லம் இருந்த கட்டடத்தில் 2022 ஆம் ஆண்டில் நீலநிற நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.

ஓ பேர் முறையுடன் ஒப்பீடு

ஓ பேர் என்பது 'சம நிலையில்' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் ஆகும். வேற்று நாட்டு இளையோர் ஒரு குடும்பத்தில் தங்கி, குழந்தைகளைக் கவனித்து, அந்நாட்டு மொழியையும் பண்பாட்டையும் அறிவர். உணவும் உறைவிடமும் கைச்செலவுப் பணமும் குடும்பத்தினரால் அளிக்கப்படும். இது குறித்த ஐரோப்பிய உடன்பாடு 1969 ஆம் ஆண்டில் இசுட்ராசுபர்க் நகரில் கையெழுத்தானது. அதன் சில விதிகள்:

- வயது பொதுவாக 17 முதல் 30 வரை.
- வேலை பொதுவாக நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மிகாது.
- வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை. மாதத்தில் ஒன்றேனும் ஞாயிற்றுக்கிழமையாக இருத்தல் வேண்டும்.
- மொழி வகுப்புக்குச் செல்லப் போதிய நேரம் தரப்பட வேண்டும்.

விடுமுறை நாளில் திருவிழாவுக்கோ அருங்காட்சியகத்துக்கோ குடும்பத்துடன் செல்வதும் தனித்துச் செல்வதும் ஓ பேரின் விருப்பம். வர மறுக்கும் உரிமையே உலாவை ஓய்வாக்குகிறது. ஆயாவுக்கு இத்தகைய விதி எதுவும் இருக்கவில்லை.

இன்றைய நிலை

இன்று தமிழகத்தில் பள்ளி, மருத்துவமனை உதவியாளர்களும் ஆயா எனப்படுகின்றனர். வீட்டுப் பணியாளர்களுக்கென மாநில அரசு 2007 ஆம் ஆண்டில் நலவாரியம் அமைத்தது. 2018 ஆம் ஆண்டில் குறைந்தபட்ச ஊதியம் வரையறுக்கப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2011 ஆம் ஆண்டு உடன்படிக்கை, வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வை வலியுறுத்துகிறது. அந்நேரத்தில் பணியாளர் அவ்வீட்டிலோ குடும்பத்தினருடனோ இருக்க வேண்டிய கட்டாயமில்லை எனவும் அது கூறுகிறது. இந்தியா இதனை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.